அரையடிக்குக் கீழே



அழைப்பிதழில் "பல்லாண்டுப் பயிர்களும் மண் கரிமமும்" என்று இருக்கிறது. நான் கொடுத்த தலைப்புதான். ஆனால் உரையை எழுத உட்கார்ந்தபோது, முப்பது வருடத்துக்கு முன் பார்த்த ஒரு மனிதர் நினைவில் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பதில் சொல்லாமல் மேற்கொண்டு எழுத முடியவில்லை. தலைப்பு மாறிப்போனதற்கு அவர்தான் காரணம்.

நான் அப்போது ஒரு மண் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சித்திரை, வைகாசியில் அங்கே மூச்சுவிட நேரம் இருக்காது. மழைக்கு முன்னால் மண்ணைக் காட்டிவிட வேண்டுமென்று விவசாயிகள் பைகளோடு வந்து நிற்பார்கள். காங்கேயத்துப் பக்கமிருந்து ஒரு பெரியவர் இரண்டு மஞ்சப்பைகள் கொண்டுவந்தார். ஒன்றில் அவருடைய கொறங்காட்டு மண். இன்னொன்றில் வேலிக்கு அந்தப் பக்கம், வருடா வருடம் உழுது சோளமும் கடலையும் போடுகிற காட்டு மண். கொறங்காடு தெரியாத மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: கிளுவை வேலி சுற்றிய, குடும்பத்துக்குச் சொந்தமான மேய்ச்சல் நிலம் அது. உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம், மேயும் காங்கேயம் மாடுகள். கோடையில் புல் செத்தது போலக் கிடக்கும். ஒரு மழை விழுந்தால் அடித்தூரிலிருந்து துளிர்த்துவிடும்.

"பையன் கொறங்காட்ட உழுதுபோட்டு முருங்க வெக்கலாங்கறானுங்க," என்றார் பெரியவர். "புல்லும் வருசக்கணக்கா நிக்கறது. முருங்கயும் வருசக்கணக்கா நிக்கறது. மண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

இன்றைக்கு நான் பேசப்போவது முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

அன்று எனக்குத் தெரிந்த வழியில் பதில் தேடினேன். ஒரு கிராம் மண்ணைக் கூம்புக் குடுவையில் போட்டு, பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் 10 மில்லி, அடர் கந்தக அமிலம் 20 மில்லி. குடுவை கை பொறுக்காத அளவு சூடாகும். அரை மணி நேரம் கழித்து நீர் ஊற்றி, பாஸ்பாரிக் அமிலமும் டைபீனைலமின் நிறங்காட்டியும் விட்டு, பியூரெட்டிலிருந்து ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். கருநீலம் கலங்கிக் கலங்கி, ஒரே சொட்டில் பளிச்சென்று பச்சையாகும். அந்தச் சொட்டில் கை நிற்க வேண்டும். வாக்லி, பிளாக் என்ற இருவர் 1934இல் வெளியிட்ட முறை இது. மண்ணிலிருக்கும் அங்ககக் கரிமம் முழுவதையும் இது எரிப்பதில்லை. சராசரியாக 77 சதவீதம் எரிவதாக வைத்துக்கொண்டு, வந்த எண்ணை 1.3ஆல் பெருக்குகிறோம். உலகத்தில் பாதி மண்களின் கரிமக் கணக்கு இந்த 1.3இன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது என்பது எங்கள் தொழிலில் உரக்கச் சொல்லாத ரகசியம்.

கொறங்காட்டு மண்ணில் கரிமம் சற்றுக் கூடுதலாக வந்தது. பிரமாதமாக ஒன்றுமில்லை. "பெரிய வித்தியாசம் இல்லைங்க ஐயா, தொழுவுரம் போட்டு முருங்கை வைக்கலாம்," என்றேன். அவர் சிரித்தார்.

"அரையடி மண்ணப் பாத்துச் சொல்றீங்க. புல்லு வேரு போற எடம் வேறங்க."

பின்னால் வரிசை நீண்டிருந்தது. நான் அடுத்த பையை எடுத்துக்கொண்டேன்.

ஆங்கில வி எழுத்து போலக் குழி வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை சுரண்டி, பல இடத்து மண்ணையும் கலந்து, நான்காகப் பகுத்து, எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, கடைசியில் அரைக் கிலோ. மண் மாதிரி எடுக்க நாம் எல்லோரும் கற்றுக்கொண்ட, கற்றுக்கொடுத்த முறை. உரம் எவ்வளவு போடலாம் என்று சொல்வதற்கு அது போதும். மரப்பயிர் வைப்பதானால் மூன்று ஆழங்களில் மண் எடுக்க வேண்டும் என்பதும் பாடத்தில் இருக்கிறது. ஆனால் புல்லுக்கு யார் மண் பரிசோதனை செய்தார்கள்? எங்கள் படிவத்தில் 'மேய்ச்சல்' என்றொரு கட்டமே கிடையாது.

மண் கரிமத்தை ஒரு சேமிப்பு என்று சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கு அதைவிட ஏரி என்ற உவமை பிடிக்கும். வரத்து வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, மதகு வழியே போய்க்கொண்டே இருக்கிறது, ஆவியாகவும் போகிறது. ஏரியில் தண்ணீர் நிற்கிறது என்கிறோம். நிற்பது மட்டம்தான். மண்ணிலும் அப்படித்தான். இலையாகவும் வேராகவும் சாணமாகவும் கரிமம் வருகிறது. நுண்ணுயிர்கள் அதைத் தின்று, பெரும்பகுதியைக் கரியமில வாயுவாக மூச்சுவிட்டு வெளியே அனுப்பிவிடுகின்றன. மிஞ்சியதும், செத்த நுண்ணுயிர்களின் உடலும், களித்துகள்களில் ஒட்டிக்கொண்டும் மண் கட்டிகளுக்குள் சிறைப்பட்டும் கிடக்கின்றன. மட்டம் உயர வேண்டுமென்றால் வரத்து கூட வேண்டும், அல்லது மதகு இறங்க வேண்டும்.

வருடப் பயிரில் இரண்டும் நம் கைக்கு எதிராக நடக்கின்றன. நூறு நாள் பயிர் தான் தயாரிக்கும் உணவில் பெரும்பங்கைக் கதிருக்கு அனுப்புகிறது. நாம் அப்படித்தான் தேர்ந்தெடுத்து வளர்த்திருக்கிறோம். வேருக்குக் கிடைப்பது மிச்சம் மீதி. அறுவடைக்குப் பிறகு நிலம் வெறுமையாக வெயிலில் கிடக்கிறது, மழையில் அரிக்கப்படுகிறது. அடுத்த உழவு மண் கட்டிகளை உடைத்து, உள்ளே சிறைப்பட்டிருந்ததை நுண்ணுயிர்களுக்குப் பந்தி வைக்கிறது. பல்லாண்டுப் பயிர் வருடம் முழுவதும் வேரை வைத்திருக்கிறது. அடுத்த பருவத்துக்கான சேமிப்பை மண்ணுக்கடியில் வைக்கிறது. உழவும் நின்றுபோகிறது. வேரில் இன்னொரு விசேஷம் உண்டு. தழையாக மேலே விழும் கரிமத்தைவிட வேர்க் கரிமம் மண்ணில் நீண்ட காலம் தங்குகிறது. ராஸ் என்பவரும் கூட்டாளிகளும் 2005இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அந்தத் தங்கும் காலம் சராசரியாக 2.4 மடங்கு என்று வந்தது. வேர் மண்ணுக்குள்ளேயே பிறந்து, களித்துகளை ஒட்டியே செத்துப்போகிறது. சருகு அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் பாதி வழியில் தீர்ந்துவிடுகிறது.

மனிதர்கள் பயிர் செய்யத் தொடங்கிய இந்தப் பன்னிரண்டாயிரம் ஆண்டுகளில், மேல் இரண்டு மீட்டர் மண் இழந்த கரிமம் ஏறக்குறைய 11,600 கோடி டன் என்று ஒரு மதிப்பீடு உண்டு. இந்த மாதிரி எண்கள் எனக்கு உள்ளே இறங்குவதில்லை. ஒரு குழியின் விளிம்பில் நின்றால் இறங்கும். ஆகவே கான்சாஸுக்குப் போவோம்.

அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு காலத்தில் கடல் போலப் புல்வெளி கிடந்தது. குதிரையில் போகிறவன் தலை தெரியாத உயரத்துக்குச் சில இடங்களில் புல். ஜான் டியர் 1837இல் எஃகுக் கலப்பை செய்த பிறகுதான், வேர் பின்னிய அந்த மண்ணைப் புரட்ட முடிந்தது. அதற்கு முன் வார்ப்பிரும்புக் கலப்பையில் மண் ஒட்டிக்கொண்டு, நாலடிக்கு ஒருமுறை நின்று சுரண்ட வேண்டியிருந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் ஜான் வீவர் என்றொரு தாவரவியலாளர் இருந்தார். மற்றவர்கள் புல்லைப் பார்த்தபோது இவர் குழிக்குள் இறங்கினார். ஆள் உயரத்துக்கும் கீழே பள்ளம் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒவ்வொரு வேராகப் பிரித்தெடுத்து, அளந்து வரைந்தார். அந்தப் படங்களை இன்று பார்த்தாலும் தலைகீழாக ஒரு காடு தெரியும். புல்லின் உயரத்தைவிட வேரின் ஆழம் அதிகம். அவருடைய முதல் பெரிய வேர்நூல் 1919இல் வந்தது. அதே காலத்தில் அந்த நாட்டு விவசாயிகள் கோதுமை விலையைப் பார்த்து மிச்சமிருந்த புல்வெளியையும் உழுதுகொண்டிருந்தார்கள். 1930களில் மழை பொய்த்தது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, பகலை இரவாக்கிய புழுதிப் புயல் எழுந்தது. கறுப்பு ஞாயிறு என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். பறந்தது மண்ணின் மேல் தோல்தான். ஆனால் கரிமம் அதிகம் இருந்ததும் அந்தத் தோலில்தான்.

உழவிலிருந்து தப்பிய சில துண்டுகள் கான்சாஸில் இன்றும் உண்டு. வீட்டு மாடுகளுக்காக விவசாயிகள் விட்டுவைத்த இயற்கைப் புல்வெளிகள். வருடத்துக்கு ஒருமுறை அறுத்துக் காயவைத்து எடுத்துப்போவார்கள். உரம் கிடையாது, உழவு கிடையாது. ஜெர்ரி கிளோவரும் சகாக்களும் அப்படி ஏறக்குறைய 75 வருடமாக அறுக்கப்பட்டு வந்த வெளிகளை, வேலிக்கு அந்தப் பக்கத்துக் கோதுமை வயல்களோடு ஒப்பிட்டு 2010இல் வெளியிட்டார்கள். உரம் போட்ட கோதுமை வயலிலிருந்து தானியமாக வெளியேறிய அளவுக்கு நைட்ரஜன், உரமே காணாத புல்வெளியிலிருந்தும் வெளியேறியிருந்தது. அப்படியும் ஒரு மீட்டர் ஆழம் வரை அளந்தபோது, புல்வெளி மண்ணில் ஹெக்டேருக்கு 40 டன்னுக்கு மேல் கூடுதலாகக் கரிமம் இருந்தது. ஒரு மீட்டர் ஆழம். இதைப் படித்த இரவு எனக்கு அந்த மஞ்சப்பைகள் ஞாபகம் வந்தன.

அதே கான்சாஸில், சலைனா ஊரில், வெஸ் ஜாக்சன் 1976இல் லேண்ட் இன்ஸ்டிடியூட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் கேட்டது சின்னக் கேள்வி: புல்வெளி நிற்பது போல நிற்கும் ஒரு தானியம் ஏன் இருக்கக் கூடாது? அவர்கள் எடுத்துக்கொண்டது இடைக்கோதுமைப்புல் என்று சொல்லத்தக்க ஒரு தீவனப்புல். பென்சில்வேனியாவின் ரோடேல் நிறுவனம் 1983இலேயே அதைத் தானியத்துக்காகத் தேர்ந்தெடுக்கத் தொடங்கியிருந்தது. 2003 முதல் சலைனாவில் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்து, கெர்ன்சா என்று வணிகப் பெயர் வைத்தார்கள். வேர் மூன்று மீட்டர் வரை போகிறது. மணியோ கோதுமையில் ஐந்தில் ஒரு பங்குதான். விளைச்சலும் கோதுமைக்கு வெகுதூரம் பின்னால். இரண்டு மூன்று வருடத்துக்குப் பிறகு அதுவும் இறங்குகிறது. மிச்சிகனில் நடந்த ஆய்வில், வேருக்குக் கீழே கழுவிப்போகும் நைட்ரேட் கோதுமையோடு ஒப்பிட 86 சதவீதமோ அதற்கு மேலோ குறைந்தது. அது பெரிய விஷயம், நிலத்தடி நீர் குடிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் கரிமம்? வேர் பன்மடங்கு இருந்தும், முதல் சில ஆண்டுகளின் அளவீட்டில் மொத்த மண் கரிமம் தெளிவாக உயர்ந்ததாகத் தெரியவில்லை.

ஏமாற்றமாக இருக்கிறதா? எனக்கு இல்லை. ஏரி நிரம்ப எத்தனை நாள் ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் பண்ணையில் பதில் இருக்கிறது. அங்கே பிராட்பாக் வயலில் 1843 முதல் இன்றுவரை கோதுமை ஆய்வு நடந்துவருகிறது. 1882இல் அந்த ஆய்வை நடத்திய லாஸ், கில்பர்ட் இருவரும் அதில் ஒரு மூலையில் நின்ற கோதுமையை அறுக்காமல், வேலி கட்டி அப்படியே விட்டுவிட்டார்கள். நாலே வருடத்தில் கோதுமை ஏறக்குறைய காணாமல் போனது. நின்ற சில செடிகளும் சூம்பிப்போய், கோதுமை என்று அடையாளம் சொல்வதே கஷ்டமாக இருந்ததாம். பத்தாயிரம் ஆண்டு நம்மோடு வாழ்ந்த பயிருக்கு நாம் இல்லாமல் நாலு வருடம் நிற்க முடியவில்லை! அந்த மூலையின் ஒரு பகுதி இன்று காடு. மேல்மண்ணின் கரிமம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் நூறு வருடத்துக்கு மேல் ஆனது. தொடக்கத்தில் வேகமாக ஏறி, பிறகு மெதுவாகி, மட்டம் நிற்கத் தொடங்குகிறது. நிரம்ப நிரம்ப மதகின் மேல் அழுத்தம் கூடும் அல்லவா?

இப்படி ஒரே வயலைத் தலைமுறை தாண்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை நமக்கும் புதிதில்லை. கோவையில் நிரந்தர உர ஆய்வு 1909இல் தொடங்கியது. இங்கே இருக்கிற மாணவர்களில் பலர் அந்த வயலைப் பேருந்திலிருந்துதான் பார்த்திருப்பீர்கள். ஒருநாள் இறங்கிப் பாருங்கள்.

கெர்ன்சா போன்ற புல்தானியம் நமக்குத் தூரத்துக் கதை. நெல் அப்படி இல்லை. சீனாவின் யுன்னான் மாகாணத்தில், ஹூ ஃபெங்யீ தலைமையில் ஒரு குழு பல்லாண்டு நெல்லைக் கொண்டுவந்தது. ஆப்பிரிக்கக் காட்டு நெல் ஒன்று மண்ணுக்கடியில் மட்டநிலத் தண்டு ஓட்டிப் பரவும். களை எடுக்கிறவர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட செடி. அதைத் தாய்லாந்தின் ஆர்.டி.23 என்ற சாகுபடி நெல்லோடு சேர்த்து, இருபது வருடத்துக்கு மேல் பொறுக்கி, பி.ஆர்.23 என்ற ரகத்தை 2018இல் வெளியிட்டார்கள். ஒருமுறை நட்டால் நாலு வருடம், எட்டுப் போகம். சராசரி விளைச்சல் போகத்துக்கு ஹெக்டேருக்கு 6.8 டன். பக்கத்தில் போகந்தோறும் நட்ட சாதாரண நெல் 6.7 டன். ஐந்தாம் வருடம் சரிந்தது. முதல் நடவுக்குப் பிறகு வேலையாள் தேவை 58 சதவீதமும், இடுபொருள் செலவு 49 சதவீதமும் குறைந்தன. மண் கரிமம் ஹெக்டேருக்கு வருடம் 0.95 டன் ஏறியது. 2021இல் 44,752 விவசாயிகள் 15,333 ஹெக்டேரில் இதைப் பயிரிட்டிருந்தார்கள்.

விவசாயிகள் இதை எடுத்துக்கொண்டது கரிமத்துக்காக என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நடவுக்கு ஆள் கிடைக்காததற்காக. குனிந்து நாற்று நடும் இடுப்புவலிக்காக. கரிமம் அதோடு கூட வந்த லாபம். எனக்கு இதில் நம்பிக்கை தருவதே அதுதான். மண்ணுக்கு நல்லது என்பதற்காக மட்டும் யாரும் பயிர் மாற்றுவதில்லை, மாற்றச் சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் 0.95ஐ நூறு வருடத்தால் பெருக்கிக் கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அது நாலு வருடத்துக் கணக்கு. ஏரி காலியாக இருக்கும்போது வருகிற வேகம்.

இந்த மாதிரிக் காட்டுப்புல் கலப்பு நம் ஊருக்குப் புதியதும் அல்ல. கோவையில் கரும்பு இனப்பெருக்க நிலையம் 1912இல் தொடங்கியபோது, அங்கிருந்த ஆய்வாளர்கள் பார்பரும் வெங்கட்ராமனும் செய்தது இதையேதான். பருத்த, இனிப்பான கரும்பை ஆற்றங்கரையில் தானாக முளைக்கும் பேய்க்கரும்போடு சேர்த்தார்கள். கோ 205 பிறந்தது. அதன் வழியில் வந்த ரகங்கள் இந்தியச் சர்க்கரையின் கதையையே மாற்றின. அதே நிலையத்தில் 1930களில் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் கரும்பை மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும்கூடச் சேர்த்துப் பார்த்தார். ஒருமுறை நட்டுவிட்டு, அறுத்த கட்டையிலிருந்தே மறுதாம்பு விடுவது நம் கரும்பு விவசாயிக்குக் கைவந்த பழக்கம். அப்படியானால் கட்டைக்கரும்பு நிற்கும் வயலில் கரிமம் ஏற வேண்டுமே? ஏறலாம், காய்ந்த கரும்புச் சோகையை மண்ணில் விட்டால். அறுவடை முடிந்த மாலையில் சோகைக்குத் தீ வைத்துவிட்டு, கரிமம் ஏன் ஏறவில்லை என்று கேட்டால், வாய்க்காலைத் தூர்த்துவிட்டு ஏரியைத் திட்டுவது போலத்தான்.

பெரியவரின் கேள்விக்கு இப்போது வந்துவிடலாம். ரெண்டும் ஒண்ணுதானுங்களே?

அலிசியா லெடோவும் கூட்டாளிகளும் உலகெங்குமுள்ள பல்லாண்டுப் பயிர் ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியிட்டார்கள். வருடப் பயிர் நிலத்தில் பல்லாண்டுப் பயிர் வைத்தால், இருபது வருடத்தில் மேல் 30 சென்டிமீட்டரில் கரிமம் சராசரியாக 20 சதவீதம், ஹெக்டேருக்கு 6 டன் அளவில், உயர்கிறது. ஒரு மீட்டர் ஆழத்தைச் சேர்த்துப் பார்த்தால் உயர்வு 10 சதவீதம். இதே பயிரை இயற்கைப் புல்வெளியை அழித்து வைத்தால்? மேல் 30 சென்டிமீட்டரில் இழப்பு 1 சதவீதம்தான். ஒரு மீட்டர் வரை பார்த்தால் 10 சதவீதம் போயிருக்கிறது. கவனியுங்கள், மேலே பார்த்தால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். அரையடி மண்ணைப் பார்த்து நான் சொன்ன பதில் அந்த ஒரு சதவீதம். அவர் சொன்னது அந்தப் பத்து சதவீதம்.

கேள்வி, நிற்கிற பயிர் எது என்பதல்ல. அதற்கு முன்னால் அங்கே என்ன நின்றது என்பது. சோளக்காட்டில் முருங்கை வைத்தால் மண்ணுக்கு வரவு. கொறங்காட்டில் அதே முருங்கையை வைத்தால் பெரும்பாலும் செலவு. மரத்தைச் சுற்றி உழுதுகொண்டே இருந்தால் செலவு இன்னும் கூடும். இந்தோனேசியா, கேமரூன், பெரு ஆகிய மூன்று நாடுகளில், மழைக்காட்டை அழித்து ரப்பரும் எண்ணெய்ப்பனையும் கோகோவும் வைத்த மண்களை மூன்று மீட்டர் ஆழம் வரை பார்த்த ஆய்வொன்று 2015இல் வந்தது. சில இடங்களில் கரிமத்தில் பாதிவரை போயிருந்தது. அவையும் பல்லாண்டுப் பயிர்கள்தாம். பச்சைப் பசேலென்று, வானத்திலிருந்து எடுத்த படத்தில் காடு போலவே இருக்கும்.

நீலகிரியைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனமில்லை. மலைமேல் சோலைகளுக்கு நடுவே இருந்த புல்வெளிகளை வெள்ளைக்காரர்கள் தரிசு என்று எழுதிவைத்தார்கள். தரிசு என்று எழுதிய பிறகு எதை வேண்டுமானாலும் வைக்கலாம். சீகை மரமும் தைலமரமும் தேயிலையும் வந்தன. குளிர்ந்த மலை மண் கரிமத்தை மெதுவாகத்தான் இழக்கும், மெதுவாகத்தான் சேர்க்கவும் செய்திருக்கும். ஒரு சொல் தப்பாக எழுதப்பட்டதற்கு மண் கொடுத்த விலை எவ்வளவு என்று ஊட்டியின் தைலமரத் தோப்புகளில் நடக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன். கொறங்காடும் பல பேர் பேச்சில் 'சும்மா கெடக்கற எடம்'தான்.

ஆழ வேர் போனால் எல்லாம் நல்லதுதான் என்றும் சொல்லிவிட முடியாது. ஃபிரான்சில் ஃபோன்டேனும் குழுவினரும் புல்வெளி மண்ணின் 60 முதல் 80 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த மண்ணில் ஏறக்குறைய 2,500 வருடப் பழைய கரிமம் இருந்தது. அதற்குப் புதிய தாவரச் சத்தைக் கொடுத்தபோது, பட்டினி கிடந்த நுண்ணுயிர்கள் விழித்துக்கொண்டு அந்தப் பழைய கரிமத்தையும் தின்னத் தொடங்கின. 2007இல் வந்த முடிவு. வேர் ஆழத்துக்கு விருந்தும் கொண்டுபோகிறது, திருடனையும் எழுப்புகிறது. நிகரக் கணக்கு பெரும்பாலும் வரவுப் பக்கம் நிற்கிறது, ஆனால் மண்ணுக்கு மண் மாறும்.

கடைசியாக, கரிமத்தை விலைக்கு வாங்க வருகிறவர்களைப் பற்றி. இப்போது ஊர் ஊராக வருகிறார்கள், கைபேசியில் நிலத்தை வட்டம் போட்டுக் காட்டி, டன்னுக்கு இவ்வளவு என்கிறார்கள். மாணவர்கள் என்னோடு சேர்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு ஹெக்டேரின் மேல் 30 சென்டிமீட்டர் மண் ஏறக்குறைய 3,900 டன் எடை. முன்னால் சொன்னபடி இருபது வருடத்தில் 6 டன் என்றால் வருடத்துக்கு 0.3 டன். அதாவது கரிமம் வருடத்துக்கு 0.008 சதவீதம் ஏறும். 0.600 இருந்த இடத்தில் 0.608. நம் வாக்லி–பிளாக் முறையில், ஒரு கிராம் மண்ணுக்கு, பியூரெட்டிலிருந்து ஒரு சொட்டு கூடுதலாக விழுந்தால் விடை 0.01 சதவீதம் மாறிவிடும். ஒரு வருடத்து உழைப்பு ஒரு சொட்டுக்குள் ஒளிந்துகொள்கிறது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை, ஒரே இடத்தில், ஒரே மாதத்தில், ஆழமாக, பல குழிகளில் அளந்தால்தான் எதையாவது சொல்லலாம்.

அதிலும் ஒரு பொறி இருக்கிறது. உழுத மண் பொலபொலவென்று இருக்கும், உழாத மண் இறுகியிருக்கும். இரண்டிலும் 30 சென்டிமீட்டர் எடுத்தால், இறுகியதில் மண்ணே அதிகம், ஆகவே கரிமமும் அதிகமாகத் தெரியும். சம ஆழத்தை ஒப்பிடாமல் சம எடையை ஒப்பிட வேண்டும். மண் அடர்த்தியைக் கேட்காமல் பணம் பேசுகிறவர் வந்தால், அவருக்கு மோர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

பணி ஓய்வுக்குச் சில வருடம் முன்பு காங்கேயத்துப் பக்கம் போக வேண்டி வந்தபோது, விசாரித்துக்கொண்டு அந்தப் பெரியவரின் கொறங்காட்டுக்குப் போனேன். கொறங்காடு அப்படியே இருந்தது. முருங்கை, வேலிக்கு அந்தப் பக்கத்துச் சோளக்காட்டில் நின்றது. அவருக்குத் தொண்ணூறு இருக்கும். மகன்தான் குழி வெட்ட ஆள் பிடித்துக் கொடுத்தார். கொழுக்கட்டைப்புல் தூர் ஒன்றை ஒட்டி வெட்டினோம். முதல் அரையடியில் வேர் மயிர்க்கட்டு போல, மண்ணே தெரியாமல். ஒன்றரை அடியில் மண் நிறம் வெளுத்தது. இரண்டரை அடியில் கடப்பாரை சுக்கான்கல்லில் மோதி 'ணங்' என்றது. அதோடு சரி என்று நினைத்தேன். கல்லைத் தூசி தட்டிப் பார்த்தால், விரிசலுக்குள் ஒரு வேர் நூல் போல இறங்கிக்கொண்டிருந்தது. எது வரை என்று பார்க்க எங்களிடம் ஆயுதம் இல்லை.

மண்ணைப் பைகளில் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பெரியவர் கட்டிலிலிருந்தே கத்தினார்: "குழிய மூடிட்டுப் போங்க, கன்னுக்குட்டி உழுந்துரும்!" வேலையாள் மண்வெட்டியை எடுத்தார். கைக்கு முதலில் அகப்பட்டது மேலே கிடந்த கறுத்த மண்தான். அதை வாரப்போனார்.

"அத வெச்சுரு," என்றார் பெரியவர். "வெளுத்தது மொதல்ல. மேல் மண்ணு கடைசீல."